இன்டர்செக்‌ஷனாலிட்டி பாடம் எடுக்கிறீர்களா? வழக்கிலிருந்து தொடங்குங்கள்

பெண்ணியக் கோட்பாட்டு வகுப்பில் இன்டர்செக்‌ஷனாலிட்டி (இனம், பாலினம் போன்ற பாகுபாடுகள் ஒன்றோடொன்று பின்னி ஒரே ஆளைத் தாக்குகின்றன என்ற கருத்து) வந்தால், பலரும் முதல் வேலையாக போர்டில் வரையறையை எழுதிப் போடுகிறார்கள், மாணவர்களும் அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் ஒப்பித்துவிடுகிறார்கள். வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் அந்தச் சொல்லே வகுப்பில் வரக்கூடாது. அமெரிக்காவில் 1976இல் தீர்ப்பான டிகிராஃபன்ரீட் எதிர் ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கைக் கையில் எடுங்கள்.

வழக்குப் போட்டவர்கள் ஐந்து கறுப்பினப் பெண்கள். 1964க்கு முன்பு கம்பெனி கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுத்ததில்லை என்று சொல்லலாம். 1970க்குப் பிறகு சேர்ந்தவர்கள் எல்லாரும், சீனியாரிட்டி பார்த்து ஆட்குறைப்பு செய்தபோது வேலையை இழந்தார்கள். கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்பும் விதி, பார்க்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

இங்கே நிறுத்துங்கள். நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன தீர்ப்பு எழுதுவீர்கள் என்று கேட்டு பத்து நிமிடம் எழுதவிடுங்கள். அப்புறம் உண்மையான தீர்ப்பை வாசியுங்கள்: பெண்களைத்தான் முன்பே வேலைக்கு எடுத்திருக்கிறார்களே (எல்லாரும் வெள்ளையினப் பெண்கள்), ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை, இனப் பாகுபாடு என்றால் ஏற்கெனவே இருக்கும் இன்னொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள், இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது. இந்த இடத்தில் வகுப்பில் யாராவது நிச்சயம் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தை அடக்காதீர்கள், 1989இல் அந்தச் சொல்லை அறிமுகப்படுத்திய அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லி கிரென்ஷா இதே வழக்கைப் பிரித்துப்போட்டு எழுதிய கட்டுரையை அப்போதுதான் கொடுக்க வேண்டும்.

"நம்ம ஊர் சாதி மாதிரியே இருக்கே" என்று ஒரு குரல் வரும். வரட்டும். ஆனால் எது ஒத்துப்போகிறது, எது ஒத்துப்போகவில்லை என்று இரண்டு பத்தியாக எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

ஆய்வு செய்பவர்களுக்கும் இதே வழிதான், மூல ஆவணத்தைத் தேடிப் போங்கள். அடிமையாகப் பிறந்து, பின்னர் அடிமை ஒழிப்புக்காகவும் பெண்ணுரிமைக்காகவும் குரல் கொடுத்த கறுப்பினப் பெண் சோஜர்னர் ட்ரூத் 1851இல் ஓஹையோவில் பேசிய பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். "நான் பெண் இல்லையா?" என்று திரும்பத் திரும்ப வரும் புகழ்பெற்ற வடிவம் 1863இல் வெளியானது, பேசிய சில வாரங்களிலேயே பத்திரிகையில் அச்சான வடிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை. 1863இல் வந்த வடிவம் தென் மாநில அடிமைகளின் வட்டார வழக்கில் இருக்கிறது, அவரோ நியூயார்க்கில் டச்சு பேசி வளர்ந்தவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்செடுத்துக் கொடுத்து, எழுதியவர் யார், எந்த ஆண்டு, யாருக்காக என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.