சிந்துவெளிக் கலையை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துவது எப்படி?

தொல்நாகரிகங்களைப் பற்றிய பாடம் பெரும்பாலான வகுப்பறைகளில் ஆண்டுகளோடும் ஊர்ப்பெயர்களோடும் தொடங்குகிறது. ஹரப்பாவை 1921இல் தயாராம் சாஹ்னியும் மொகஞ்சதாரோவை 1922இல் ஆர். டி. பானர்ஜியும் அகழ்ந்தார்கள் என்றும், 1924 செப்டம்பரில் ஜான் மார்ஷல் அக்கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தார் என்றும் கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் தவறாமல் குறித்துக்கொள்வார்கள். ஆனால் அந்நகரங்களில் வாழ்ந்தவர்கள் எதை அழகென்று கருதினார்கள், எதை அவ்வளவு நுணுக்கமாகச் செய்தார்கள் என்ற கேள்வி அவர்களுக்குள் எழாது. அக்கேள்வி எழ வேண்டுமானால் முதலில் ஒரு பொருளைக் காட்ட வேண்டும். ஆண்டுகள் பிறகு வரட்டும். ஆறாம் வகுப்பில் சிந்துவெளியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், நான்கைந்து பாடவேளைகளை ஒதுக்கினால், கீழ்க்காணும் முறையைத் தாராளமாகப் பின்பற்றலாம்.

முதல் பாடவேளைக்கு மொகஞ்சதாரோவில் கிடைத்த வெண்கலப் பெண்ணுருவின் படம் போதும். பாடநூலில் பெரிதாக அச்சிடப்பட்டிருப்பதால் அது ஆளுயரச் சிலை என்று எண்ணும் மாணவர்கள் பலர். உண்மையில் அதன் உயரம் ஏறத்தாழ 10.5 செ.மீ. மட்டுமே. ஆகவே படத்தை அதே அளவில் அச்சிட்டு, குழுவுக்கு ஒன்றாகக் கொடுங்கள்; அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். படத்தின் கீழே பெயரோ குறிப்போ இருக்கக் கூடாது. தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ‘காண்பது’ என்றும் மறுபக்கம் ‘ஊகிப்பது’ என்றும் எழுதச் சொல்லிவிட்டு, பத்து நிமிடம் பேசாமல் பார்க்க விடுங்கள். இடக்கை முழுவதும் அடுக்கிய வளையல்கள், வலக்கையில் நான்கே வளையல்கள், இடுப்பில் ஊன்றிய வலக்கை, உயர்ந்த முகவாய், உடைந்துபோன பாதங்கள் ஆகியவை முதல் பக்கத்தில் சேரும். ‘நடனமாடுகிறாள்’ என்று யாராவது சொன்னால், அது இரண்டாம் பக்கத்துக்கு உரியது. அகழ்ந்தவர்கள் அவளுக்கு ‘நடன மாது’ என்று பெயரிட்டார்கள்; அவள் ஆடியதற்குச் சான்று எதுவும் இல்லை. கராச்சி அருங்காட்சியகத்தில் உள்ள, ‘அரச குரு’ என்று நாம் குறிப்பிடும் மாக்கல் சிற்பத்துக்கும் இது பொருந்தும். கண்டதையும் கருதியதையும் பிரித்து எழுதும் பழக்கம் முதல் நாளிலேயே வந்துவிட்டால், பின்வரும் வகுப்புகள் எல்லாம் எளிதாகும்.

இந்த உருவம் எப்படி வார்க்கப்பட்டது என்பதைச் சொல்ல நம்மிடமே நல்ல வழி உண்டு. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மொகஞ்சதாரோவின் கைவினைஞரும் இதே மெழுகு வார்ப்பு முறையைத்தான் கையாண்டார். இரண்டுக்கும் இடையே அறுபடாத மரபு இருந்தது என்று சொல்லிவிடக் கூடாது. செய்முறையின் அடிப்படை ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

அடுத்த இரண்டு பாடவேளைகளையும் முத்திரைகளுக்குக் கொடுங்கள். சிந்துவெளிக் கலை தன் முழு ஆற்றலையும் காட்டும் இடம் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு மூன்று செ.மீ. சதுரத்துக்குள் ஒரு காளையின் கழுத்து மடிப்பையும் தசைத் திரட்சியையும் செதுக்கிய கைகள் சாதாரணமானவை அல்ல. அவை பெரும்பாலும் மாக்கல்லில் செய்யப்பட்டவை. கற்சட்டி புழங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லின் மென்மை தெரிந்திருக்கும். முடிந்தால் ஒரு கற்சட்டியை வகுப்புக்குக் கொண்டுவந்து தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். செதுக்கிய பின் சுட்டால் கல் கெட்டிப்பட்டு வெண்மையாகும் என்பதைச் சிந்துவெளிக் கைவினைஞர்கள் அறிந்து செய்திருக்கிறார்கள்.

செய்முறைக்குக் குளியல் சோப்பு போதும். மூன்று செ.மீ. சதுரத் துண்டுகளாக நறுக்கி, பல்குச்சியும் மழுங்கிய ஆணியும் கொடுத்து, மேல்பகுதியில் நான்கைந்து குறியீடுகளையும் கீழே ஒரு விலங்கையும் செதுக்கச் சொல்லுங்கள். சிந்துவெளி எழுத்துத் தொடர்கள் சராசரியாக ஐந்து குறியீடுகளே கொண்டவை என்பதால் அந்த அளவே பொருத்தமானது. விலங்காக எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் முத்திரைகளில் மிகுதியாகக் காணப்படுவது ஒற்றைக்கொம்பு விலங்கு என்பதைச் சொல்லி, திமில் காளை, யானை, காண்டாமிருகம், புலி ஆகியவற்றின் படங்களையும் காட்டுங்கள். இடவலம் மாறிப் பதியும் என்று முன்கூட்டியே எச்சரிக்க வேண்டாம். முதல் துண்டைக் களிமண்ணில் அழுத்திப் பார்த்தவுடன் மாணவர்களே அதைக் கண்டுபிடிப்பார்கள். இரண்டாம் துண்டில் கண்ணாடிப் பிம்பமாகச் செதுக்கத் தொடங்குவார்கள். வரிசையின் இறுதியில் இடம் போதாமல் குறியீடுகளை நெருக்கும் மாணவர் ஒருவராவது இருப்பார். அப்போதுதான் சொல்ல வேண்டும்: பதிவுகளில் இதே நெருக்கம் இடப்பக்க ஓரத்தில் காணப்படுவதை வைத்தே, இவ்வெழுத்து பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதப்பட்டது என்று அறிஞர்கள் முடிவு செய்தார்கள்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தைச் சணல் கயிற்றால் கட்டி, முடிச்சின்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் சோப்பு முத்திரையைப் பதித்து, மறுநாள் வரை உலரவிடுங்கள். காய்ந்த மண்ணை எடுத்துத் திருப்பினால், முன்பக்கம் விலங்கும் பின்பக்கம் கயிற்றின் முறுக்கும் துணியின் இழைகளும் பதிந்திருக்கும். குஜராத்தின் லோத்தலில், தீப்பிடித்த பண்டகசாலையில் இத்தகைய மண் பதிவுகள் கிடைத்தன. நெருப்பில் வெந்ததாலேயே அவை நான்காயிரம் ஆண்டுகளைக் கடந்து நிலைத்தன. அழகுப் பொருளாக மட்டும் பார்த்த முத்திரை வணிகச் சரக்கைக் காக்கும் பூட்டாகவும் இருந்தது என்பதை மாணவர்கள் தங்கள் கையிலிருக்கும் மண்கட்டியிலிருந்தே புரிந்துகொள்வார்கள்.

எழுத்தைப் பற்றிப் பேசும்போது தனிக் கவனம் தேவை. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பு 417 குறியீடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றின் வாசிப்பு இன்றுவரை எல்லோராலும் ஏற்கப்படவில்லை. இப்புதிரைத் தீர்ப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்ததைச் சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ‘இது மீன், எனவே இந்தச் சொல்’ என்று அவர்களுக்கு வாசித்துக் காட்டுவதைத் தவிர்த்து, எந்தக் குறியீடு எதனோடு சேர்ந்து வருகிறது, எது வரிசையின் முடிவில் அடிக்கடி வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஆய்வாளர்கள் உண்மையில் செய்வதும் அதுவே.

நான்காம் பாடவேளையில், இன்றைய இராக் பகுதியில் இருந்த மெசபடோமியாவுக்குச் செல்லலாம். அங்கே முத்திரைகள் உருளை வடிவில் இருந்தன. சோப்பை உருளையாகச் சீவி ஈரமண்ணில் உருட்டினால் ஒரே காட்சி தொடர்ந்து விரியும். ‘ஊர்’ (Ur) என்ற மெசபடோமிய நகரத்தின் கல்லறைகளில் சிந்துவெளியிலிருந்து சென்ற சூதுபவள மணிகள் கிடைத்தன. அக்காத் அரசன் சார்கோன், மெலுகா நாட்டுக் கப்பல்கள் தன் துறைமுகத்தில் நின்றதாகக் கல்வெட்டில் பெருமை பேசுகிறான். மெலுகா என்பது சிந்துவெளிப் பகுதியே என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் உருளை முத்திரை, ஷு-இலிஷு என்பவரை மெலுகா மொழிபெயர்ப்பாளர் என்று குறிப்பிடுகிறது. இரு நாகரிகங்களுக்கும் இடையே நின்று பேசிய அந்த மனிதரின் வேலைநாள் எப்படி இருந்திருக்கும் என்று எழுதச் சொன்னால், கட்டுரைகள் மிக நன்றாக வரும்.

செங்கல்லின் உயரம், அகலம், நீளம் ஆகியவற்றின் 1:2:4 விகிதத்தை அட்டைப்பெட்டிகளைக் கொண்டு விரைவாகக் காட்டிவிடலாம். சுடுமண் வண்டிகள், பறவை வடிவ ஊதல்கள், பகடைகள் ஆகியவற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். தம் வயதினர் விளையாடிய பொருட்களைக் காணும்போதே அந்நகரங்களில் குழந்தைகளும் இருந்தார்கள் என்ற நினைவு மாணவர்களுக்கு வருகிறது.

பள்ளிக்கு அருகில் அருங்காட்சியகம் இருந்தால் அழைத்துச் செல்லுங்கள். எல்லாக் கூடங்களையும் சுற்றாமல், ஒருவருக்கு ஒரு பொருள் என்று ஒதுக்கி வரையச் சொல்லுங்கள். கீழடிக்குச் செல்பவர்கள் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும்: சிந்துவெளியின் நகர வாழ்வு ஏறத்தாழ பொ.ஆ.மு. 2600 முதல் 1900 வரை செழித்தது. கீழடியின் பழைமையோ பொ.ஆ.மு. ஆறாம் நூற்றாண்டு அளவில் கணிக்கப்பட்டுள்ளது. பானை ஓட்டுக் கீறல்களைச் சிந்துவெளிக் குறியீடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஒப்பிடவும் வேண்டும். ஆனால் இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருப்பதை மாணவர்கள் காலக்கோட்டில் தாமே வரைந்து பார்த்த பிறகே அந்த ஒப்பீட்டைத் தொடங்குங்கள்.

மதிப்பீட்டுக்குத் தேர்வுத்தாள் தேவையில்லை. ஒவ்வொருவரும் தாம் தேர்ந்த பொருளுக்கு நான்கு வாக்கியங்களில் காட்சிக் குறிப்பு எழுதட்டும்: அது எதனால் ஆனது, எவ்வளவு பெரியது, எதற்குப் பயன்பட்டிருக்கலாம், அதைப் பற்றி இன்னும் தெரியாதது என்ன. நான்காம் வாக்கியத்தைப் பொறுப்போடு எழுதியவர்களுக்கே கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். சோப்பு முத்திரைகளையும் மண் பதிவுகளையும் அக்குறிப்புகளோடு வகுப்பறைச் சன்னலோரத்தில் அடுக்கி, மற்ற வகுப்பு மாணவர்களுக்கு அவர்களையே விளக்கச் சொல்லுங்கள்.