மெதடிஸ்த ஆண்கள் பாடசாலையின் வரலாற்றை எழுதும் முறை: யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியை முன்வைத்து

ஆண்டு நிறைவு விழா நெருங்கும்போது பழைய மாணவர் சங்கங்கள் மலர் வெளியிடுவதும், பாடசாலை வரலாற்றை முந்தைய மலரிலிருந்து எடுத்து மறுபடி அச்சிடுவதும் வழக்கமாகிவிட்டது. இவ்வாறு ஒரு மலரில் நுழைந்த பிழை ஐந்து மலர்களுக்குப் பின் சான்றாகவே நிலைத்துவிடுகிறது. ஆகவே எழுத முன்வருபவர் பழைய மலர்களைப் படித்துக் குறிப்பெடுத்தபின் அவற்றை ஒதுக்கிவைத்து, ஒவ்வோர் ஆண்டுக்கும் தனிச் சான்று தேடத் தொடங்க வேண்டும்.

முதலில் தெளிவுபடுத்த வேண்டியது தொடக்க ஆண்டு. மிஷனரிமார் வந்த ஆண்டு, பள்ளி திறந்த ஆண்டு, இன்றைய பெயர் ஏற்பட்ட ஆண்டு ஆகிய மூன்றையும் கலந்துவிடக் கூடாது. தோமஸ் கோக் தலைமையில் புறப்பட்ட வெஸ்லியன் (மெதடிஸ்த) மிஷனரிக் குழு, அவர் 1814 மே மாதத்தில் கடற்பயணத்திலேயே காலமான பின்னரும் பயணத்தைத் தொடர்ந்து, அவ்வாண்டு ஜூன் 29 அன்று காலியில் கரையிறங்கியது. வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கும், ஜேம்ஸ் லிஞ்ச், தோமஸ் ஸ்குவான்ஸ் ஆகிய இருவரும் யாழ்ப்பாணத்துக்கும் சென்றனர். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்ள, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி லிஞ்ச் பள்ளி தொடங்கிய 1816ஐக் கொள்கிறது. ஒரே குழுவில் வந்தவர்கள் தொடங்கிய இரு பள்ளிகளுக்கு ஆண்டு வேறுபடுவதன் காரணத்தை வாசகருக்கு விளக்குவது எழுதுபவரின் கடமை.

அதிபர் பட்டியலைத் தயாரிக்கும்போது மெதடிஸ்த சபையின் நடைமுறையை நினைவிற் கொள்ள வேண்டும். அச்சபை தன் குருமாரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றுவதால், ஒருவரே இரு வேறு காலங்களில் அதே இடத்துக்குத் திரும்பி வருவதும் பதிற்கடமை பார்ப்பவர்கள் இடையிடையே வருவதும் உண்டு. இந்த இடமாற்றங்களின் தடம் பள்ளி அலுவலகத்தைவிட மிஷனின் பதிவுகளிலேயே கூடுதலாகக் கிடைக்கும். மெதடிஸ்த மிஷன் சங்கத்தின் ஆவணங்கள் இலண்டனில் கீழைத்தேய, ஆபிரிக்கக் கற்கைகளுக்கான கல்லூரியின் நூலகத்தில் பேணப்படுகின்றன. அங்கே வாழும் பழைய மாணவர் ஒருவரிடம் இப்பணியை ஒப்படைப்பது நன்று.

இப்பள்ளியை நடத்திய வெஸ்லியன் மிஷனரி பீற்றர் பேர்சிவல் பாதிரியார் காலத்துக்குத் தயங்காமல் பல பக்கங்களை ஒதுக்கலாம். அவரிடம் ஆங்கிலம் கற்று, அதே பள்ளியில் ஆசிரியராகி, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணைநின்ற ஆறுமுகநாவலர், 1848இல் அப்பணியிலிருந்து விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் தரப்பு எழுத்தை மட்டும் வைத்து இப்பகுதியை எழுதினால் நாவலர் இடையில் வந்து போன உதவியாளராகச் சுருங்கிவிடுவார். சைவத் தரப்பு வரலாறுகளை மட்டும் நம்பினால் பேர்சிவலின் தமிழ்ப் பணி மறைந்துவிடும். இரண்டையும் அருகருகே வைத்து, இருவரும் உடனிருந்து உழைத்த ஆண்டுகளை நிதானமாகச் சொல்ல வேண்டும். அப்பள்ளியின் வரலாற்றில் இதைவிடப் பெறுமதியான பகுதி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மரபுகளைப் பொறுத்தவரை, “எப்போதிலிருந்து?” என்ற கேள்வியை ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் பரியோவான் (சென். ஜோன்ஸ்) கல்லூரியுடனான துடுப்பாட்டப் போட்டி, ‘வடக்கின் பெரும் போர்’ எனப்படுவது, 1904இல் தொடங்கியதாதலால் அதன் முடிவுகளைப் பத்திரிகைச் செய்திகளோடு ஒப்பிடலாம். காலைப் பிரார்த்தனை, கல்லூரிக் கீதம், இல்ல விளையாட்டுப் போட்டி, மாணவ முதல்வர் நியமனம் போன்றவற்றுக்கு அத்தகைய எழுத்துச் சான்று அரிது. வெவ்வேறு பத்தாண்டுகளில் படித்த மூவரைத் தனித்தனியே சந்தித்துக் கேட்டு, மூவரும் ஒத்துச் சொல்வதை மரபாகவும், ஒருவர் மட்டும் சொல்வதை அவருடைய நினைவாகவும் பதிவுசெய்யுங்கள். உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழி பொறுப்பேற்றபோது இக்கல்லூரியும் அரச பாடசாலையானது. அம்மாற்றத்தின்போது எந்த வழக்கங்கள் நின்றன, எவை புது வடிவில் தொடர்ந்தன என்று அக்கால மாணவரிடம் இப்போதே கேட்டாக வேண்டும்; அவர்கள் எல்லோரும் முதுமையில் இருக்கிறார்கள்.

கல்லூரிக்கு அருகிலேயே இருந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது. பின்னர் போரும் இடப்பெயர்வும் வீடுகளிலிருந்த தாள்களையும் கொண்டுபோயின. ஆகவே எஞ்சிய பரிசளிப்பு விழா அறிக்கை, தேர்ச்சி அறிக்கை, அணிப் படம் எதுவானாலும் குடும்பங்களிடம் இரவலாகப் பெற்று, அன்றே மின்வருடி, மூலப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படத்திலிருப்போரின் பெயர்களை இடமிருந்து வலமாகத் தனித்தாளில் எழுதி, பெயர் சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார் என்பதையும் அதிற் குறியுங்கள். உரிமையாளர் இசைந்தால் ஒரு பிரதியை நூலகம் என்னும் எண்ணிம நூலகத்துக்கும் மற்றொன்றைக் கல்லூரி நூலகத்துக்கும் வழங்குங்கள்.