சின்னப் பிள்ளைகளிடம் ‘இயேசப்பா அழுவார்’ என்று சொல்லாதீர்கள்

பெங்களூர் ஃபிரேசர் டவுன் பக்கம் கன்னியர் மடம் ஒன்று நடத்தும் டே கேரில் சில வருடம் வேலை பார்த்தேன். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள். பாதிப் பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். எல்லோரும் கிறிஸ்தவர்களும் இல்லை. சாயங்காலம் கூட்டிப் போக வருகிற அம்மாக்கள் அநேகமாக ஒரே கேள்விதான் கேட்பார்கள். “இன்னைக்கு என்ன மிஸ் சொல்லிக் குடுத்தீங்க?” தண்ணீர் ஊற்றி விளையாடினான் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளை ஒரு எவர்சில்வர் டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு இருபது தடவை தண்ணீர் மாற்றும்போது மணிக்கட்டு திரும்பப் பழகுகிறது, எவ்வளவு ஊற்றினால் வழியும் என்று கண் அளக்கிறது. பிறகு பென்சில் பிடிக்கப் போகிற விரல்கள் இப்படித்தான் வலுவாகின்றன. இப்போதே பென்சிலைக் கொடுத்தால் உலக்கையைப் பிடிப்பதுபோல் உள்ளங்கையால்தான் பிடிக்கும். 2020 தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயதுப் பிள்ளைக்கே விளையாட்டு வழிக் கல்வியைத்தான் சொல்கிறது. அப்புறம் இரண்டு வயதுக்கு ஒர்க்‌ஷீட் எதற்கு?

அடுத்தது பயமுறுத்தல். நம் வீடுகளில் ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்பார்கள். டே கேருக்குள் வந்ததும் அது ‘இயேசப்பா அழுவார்’ ஆகிவிடுகிறது. பெரும்பாலும் பொம்மைச் சண்டையில்தான் இந்த வார்த்தை வரும். பகிர்ந்து கொடுப்பது கிறிஸ்தவ குணம், கொடுக்காத பிள்ளை பொல்லாதது என்று பெரியவர்களுக்கு ஓர் எண்ணம். ஆனால் அந்த வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவரவர் விளையாட்டைத்தான் விளையாடுவார்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-லேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். அது சுயநலம் இல்லை, வயது. பிடுங்கி அடுத்தவனிடம் கொடுத்தால், பெரியவர்கள் பிடுங்கலாம் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். நாங்கள் ஒரே மாதிரி வண்டி இரண்டு வாங்கி வைத்தோம். அப்படியும் சண்டை வந்தால், “அவன் முடிச்சதும் உனக்கு” என்று சொல்லி, அழுகிற பிள்ளையோடு உட்கார்ந்திருப்போம். கடைசிப் பகுதிதான் கஷ்டம். பத்துப் பிள்ளைக்கு ஒரே ஆள் இருந்தால் அது நடக்காது. எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆள் என்பதுதான் சேர்க்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி.

செப்டம்பர் 8 சிவாஜி நகர் மாதா கோயில் திருவிழா. காவி உடுத்திய கூட்டம், தேர், மேளம் எல்லாம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் மறுநாள் ஓர் அட்டைப்பெட்டியில் கரடி பொம்மையை உட்கார வைத்து, ஆயாவின் துப்பட்டாவைக் கட்டி இழுத்தார்கள். ஒருத்தி தட்டைத் தட்டினாள். “மாதாவைக் கேலி பண்ணக் கூடாது” என்று ஓர் ஆயா பெட்டியைப் பிடுங்கப் போனார். எங்கள் சிஸ்டர் தடுத்துவிட்டார், நல்ல வேளை. ஒன்றை இன்னொன்றாகப் பாவிப்பது இரண்டு வயதை ஒட்டிப் பிள்ளைக்கு வரும் பெரிய திறமை. கரடி மாதாவாவதும் பெட்டி தேராவதும் அதில்தான் நடக்கிறது. கண்ணை மூடிக் கைகூப்பி ஐந்து நிமிடம் செபம் சொல்ல வைப்பதைவிட, அந்தத் தேரில் பக்தி அதிகம் இருந்தது என்பது என் கட்சி. பைபிளில் நோவா விலங்குகளைக் கப்பலில் ஏற்றிக் காப்பாற்றும் கதையும் அப்படித்தான். பிள்ளைகளிடம் வெள்ளத்தில் உலகம் மூழ்கியதைச் சொல்ல வேண்டாம். ஒரு டப்பில் தண்ணீர், மிதக்க ஒரு மூடி, மேலே பொம்மை யானை, அது போதும்.

கிறிஸ்துமஸ் புரோகிராமைப் பற்றிச் சொன்னால் சில பெற்றோருக்குக் கோபம் வரும். சரி, வரட்டும். நவம்பரிலிருந்தே ஒத்திகை. பஞ்சுச் சிறகு கட்டிய இரண்டு வயது தேவதூதர், தன் முறை வரும்வரை நாற்காலியில் காத்திருக்க வேண்டும். அப்புறம் மேடை விளக்கையும் மைக்கையும் பார்த்து வீறிட்டு அழும். கீழே அம்மா போனில் படம் பிடித்துக்கொண்டே கெஞ்சுவார். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. எல்லோருக்கும் சிறகைக் கட்டி முற்றத்தில் பறக்க விடுங்கள். பார்க்க ஆசைப்படுபவர்கள் அங்கே வரட்டும்.

ஆயாக்களை இங்கிலீஷில் மட்டும் பேசச் சொல்வதும் வேண்டாம். உள்ளங்கையில் பருப்புக் கடைகிற விளையாட்டைத் தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிக் கேட்ட பிள்ளைகள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் சிரித்தார்கள்.

கடைசியாகக் கிறிஸ்துமஸ் குடில். இந்த வயதுக்கு எல்லாமே வாய்க்குள்தான் போகும். டிஷ்யூ ரோலின் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கையில் கிடைக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடைக் குடிலில் ஆட்டுக்குட்டியிலிருந்து பாலன் இயேசு வரை அநேகமாக எல்லாமே அந்த அளவுதான். ஒரு டிசம்பரில் ஆட்டுக்குட்டி ஒன்றைக் காணோம் என்று தேடி, ஒரு பிள்ளையின் கன்னத்துக்குள்ளிருந்து விரல் விட்டு எடுத்தோம். மறு வருடம் பழைய சேலைத் துணியில் முழ உயரப் பொம்மைகள் தைத்தோம். சூசையப்பருக்கு வேட்டி கட்டிவிட்டிருந்தது. அதைப் பிள்ளைகள் தினமும் நான்கு தடவை அவிழ்த்தார்கள்.