திருவலை இயந்திரத்தைக் கடைக்கு அனுப்புமுன் செய்யவேண்டிய மின்சோதனைகள்

திருகோணமலையில் சிறு பட்டறை வைத்துத் தேங்காய் திருவும் மின் இயந்திரங்களைச் செய்வோருக்காக இதை எழுதுகிறேன். உலோக உடல், தேங்காய் நீரில் நனைந்த கை, ஈரமான சீமெந்துத் தரை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்வதால், 230 வோல்ற்று மின்சாரம் இயந்திரத்தின் உலோக உடலுக்குக் கசிந்தால் தப்ப வழி மிகக் குறைவு. வீட்டில் கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கும் என்று நம்பி இயந்திரத்தை அனுப்புவது தவறு; பழைய வீடுகள் பலவற்றில் அது இல்லை. சோதனைகளை இத்தொழிலில் பயிற்சி பெற்ற ஒருவரே செய்யவேண்டும்.

முதலில் ஏர்த் தொடர்ச்சியை, அதாவது உலோக உடலிலிருந்து மின்வடத்தின் ஏர்த் முனைவரை இணைப்பு அறுபடாமல் இருப்பதை, சோதியுங்கள். ஏர்த் சரியில்லாத இயந்திரத்தில் உயர் வோல்ற்றுச் சோதனை நடத்தினால் உடலே மின்னேறக்கூடும் என்பதால் இந்த ஒழுங்கை மாற்றக்கூடாது. சாதாரண மல்ரிமீற்றர் இதற்குப் போதாது; அது செலுத்தும் சிறிய மின்னோட்டத்துக்கு, பல இழைகளில் ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பிகூட நல்ல கம்பியாகவே தோன்றும். உற்பத்தியின்போது 10 அம்பியரும், வீட்டு மின்சாதனங்களின் பாதுகாப்புக்கான ஐஇசி 60335 என்ற சர்வதேச தரத்தின் முழுச் சோதனையில் குறைந்தது 25 அம்பியரும் செலுத்தப்படுகின்றன. மின்வடத்தின் தடையைக் கழித்துப் பார்த்தால் ஏர்த் இணைப்பின் தடை 0.1 ஓமுக்கு மேல் போகக்கூடாது. அளக்கும்போது மின்வடத்தை அது உடலுக்குள் நுழையும் இடத்தில் வளைத்துப் பாருங்கள். அளவு கூடிக் குறைந்தால், பெரும்பாலும் ஏர்த் திருகாணியின் கீழ் பெயின்ற் சுரண்டப்படாமல் இருக்கும், அல்லது பல்லுள்ள வாஷர் போடப்படாமல் இருக்கும்.

அடுத்தது காவலிடல் தடை, அதாவது மின் செல்லும் பகுதிகளிலிருந்து உடலுக்கு மின் கசியாமல் மின்காப்பு எவ்வளவு தடுக்கிறது என்பது. உயிர்க் கம்பியையும் நொதுமல் கம்பியையும் ஒன்றாக இணைத்து, அவற்றுக்கும் உடலுக்கும் இடையே மெகரினால் (காவலிடல் தடையை அளக்கும் கருவி) 500 வோல்ற்று நேரோட்டம் கொடுத்து ஒரு நிமிடம் பொறுத்து வாசியுங்கள். இயந்திரத்தின் சுவிட்சை ‘ஒன்’ நிலையில் வைக்க மறக்கவேண்டாம். மறந்தால் மோட்டரின் சுற்றுகள் சோதிக்கப்படாமலே நல்ல அளவு வந்துவிடும். ஒரு மெகா ஓம் என்பது அடிப்படை எல்லை. ஆனால் புதிய மோட்டர் நூறு மெகா ஓமுக்கு மேல் காட்டுவதே வழக்கம் என்பதால், இரண்டு மூன்று காட்டும் இயந்திரத்தை நான் அனுப்பமாட்டேன்.

நம் ஊரில் மிக முக்கியமானது இந்தச் சோதனையை எப்போது செய்கிறோம் என்பதுதான். ஆடி வெயிலில் உலர்ந்த மோட்டர் எதையும் தாண்டிவிடும். ஐப்பசி தொடங்கித் தை வரையான மாரியில், கடற்காற்றில் வரும் உப்பு இணைப்புக் கட்டைகளின் மேல் படிந்து, ஈரத்தை இழுத்து, மின் செல்லும் மென்படலமாகிவிடுகிறது. இதற்காகவே அந்தத் தரமும் இயந்திரத்தைச் சுமார் 93 சதவீத ஈரப்பதத்தில் 48 மணிநேரம் வைத்த பின்னரே கசிவையும் காவலிடலையும் பார்க்கச் சொல்கிறது. அத்தகைய அறை நம்மிடம் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒன்றை மழைநாட்களில் கூரையுள்ள விறாந்தையில் இரண்டு இரவு வைத்து மறுபடியும் மெகரால் அளக்கலாம். அது தரச் சோதனைக்கு ஈடாகாது. என்றாலும் பலவீனமான காவலிடலைக் காட்டிக்கொடுக்கும்.

பின்னர், காவலிடல் தாங்குமா என்று பார்க்கும் உயர் வோல்ற்றுச் சோதனை. முழுச் சோதனையில் ஈரப்பதத்துக்குப் பின் 1250 வோல்ற்று ஆடலோட்டம் ஒரு நிமிடம் கொடுக்கப்படும். உற்பத்தி வரிசையில் ஒரு செக்கன் போதும். மேசையைச் சுற்றித் தடுப்பு வையுங்கள், இயந்திரத்தை எவரும் தொடக்கூடாது. ஒரே இயந்திரத்தில் இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல காவலிடலும் நலியும். இறுதியாக, இயந்திரம் ஓடும்போது கசிவு மின்னோட்டத்தை அளவிடுங்கள். கையில் தூக்கக்கூடிய, ஏர்த் உள்ள இயந்திரத்துக்கு எல்லை 0.75 மில்லி அம்பியர்.

தொடரிலக்கத்தோடு நான்கு அளவுகளையும் திகதியையும் கொப்பியில் எழுதுங்கள். ஒன்றில் தவறிய இயந்திரத்தைத் திறந்து திருத்தினால், தவறிய சோதனையை மட்டும் மீண்டும் செய்வது போதாது. திறக்கையில் ஏர்த் கம்பியும் தளர்ந்திருக்கலாம் என்பதால், ஏர்த் தொடர்ச்சியிலிருந்தே மறுபடி தொடங்கவேண்டும்.