குமரி மாவட்டத்தில் காற்று மாசு அளவீட்டை மாதிரிக் கணிப்போடு ஒப்பிடும் முறை

பள்ளி மொட்டை மாடியில் பொருத்திய கருவி காட்டும் பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகள்) அளவும், அதே நேரத்துக்குக் கணினி மாதிரி (காற்றின் போக்கையும் மாசையும் கணக்கிட்டுச் சொல்லும் நிரல்) தரும் அளவும் பொருந்தாதபோது, இரண்டில் ஒன்று தவறு என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. கருவி தன் உறிஞ்சுமுனைக்கு வரும் காற்றை மட்டும் அளக்கிறது. மாதிரியோ நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு பெரிய கட்டத்தின் சராசரியைக் கணக்கிடுகிறது. கடலும் மலையும் இவ்வளவு நெருங்கி நிற்கும் நம் மாவட்டத்தில் அந்த இரண்டும் வெவ்வேறு காற்றாகவே இருக்கக்கூடும் என்பதால், எந்த எண் எந்தக் காற்றைக் குறிக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒப்பீட்டு வேலையில் பெரும்பகுதி இதுதான்.

ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை, சுருக்கமாகக் காம்ஸ், உலகம் முழுவதற்குமான முன்கணிப்பை இலவசமாகத் தருகிறது. அதன் கட்டப்புள்ளிகள் 0.4 பாகை இடைவெளியில், அதாவது நம் பகுதியில் ஏறத்தாழ 44 கிலோமீட்டருக்கு ஒன்றாக அமைந்துள்ளன. குமரி மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 1,700 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், ஒரே ஒரு கட்டம் மாவட்டத்தைவிடப் பெரியது. நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நான்கு புள்ளிகளை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். வடக்கு 8.0 பாகையில் உள்ள இரண்டும் கடலில் விழுகின்றன, 8.4 பாகையில் உள்ளவற்றுள் ஒன்று கேரள எல்லையை ஒட்டியும், மற்றொன்று மலைக்கு அப்பால் திருநெல்வேலி மாவட்டத்து வள்ளியூர் அருகிலும் விழுகின்றன. சுற்றியுள்ள புள்ளிகளின் மதிப்பிலிருந்து நடுவிலுள்ள இடத்தின் மதிப்பை ஊகிக்க மென்பொருள் தானாகச் செய்யும் இடைமதிப்புக் கணக்கில், நாகர்கோவிலுக்குக் கிடைக்கும் எண்ணில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு கடற்புள்ளிகளிலிருந்தே வருகிறது.

ஆகவே இடைமதிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நான்கு புள்ளிகளின் தரவையும் தனித்தனியே இறக்கி, நான்கு கோடுகளாக வரைந்து, அவற்றின் மேல் உங்கள் அளவீட்டை வைத்துப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடற்புள்ளியோடு ஒப்பிடுவது பொருத்தமாகலாம். வாடைக்காற்று நிலத்தின் மேலாக வரும் மாதங்களில் வள்ளியூர்ப் புள்ளியே பொருளுள்ளது. இதற்குத் துணையாக, மாதிரி காட்டும் காற்றின் திசையையும் வேகத்தையும் உள்ளூர் அளவீட்டோடு முதலில் சரிபார்ப்பது மிக அவசியம். இந்த அளவுக்குப் பெரிய கட்டங்களில் மலை மழுங்கிவிடுவதால், முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மாதிரியில் உரிய வலுவோடு தெரிவதில்லை. காற்றே பிழையாக இருக்கும் நாளில் மாசு அளவைக் குறைசொல்வதில் பயனில்லை.

நேரக்கணக்கு சிறிய விஷயம்தான், ஆனால் தவறவிட்டால் எல்லாம் கெடும். மாதிரித் தரவு உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. அந்த அரை மணியால், நம் காலை 8 மணிக்கு நேரான மதிப்பு மாதிரியில் இராது, 7.30, 8.30 ஆகியவற்றுக்கான மதிப்புகளைச் சராசரி செய்ய வேண்டும். முற்றம் பெருக்கிச் சருகை எரிக்கும் புகையும் பேருந்துப் புகையும் தாழ்ந்த காற்றடுக்கில் தேங்கும் வேளை அது என்பதால், அரை மணி பிசகினாலும் உச்சம் இடம்மாறித் தெரியும். மாதிரி மதிப்பு ஒரு கன மீட்டருக்குக் கிலோகிராமில் வருமானால் நூறு கோடியால் பெருக்கி மைக்ரோகிராமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஈரப்பதம்தான் நம் கடற்கரையின் பெரிய சிக்கல். விலை மலிந்த சென்சர்கள் துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து எடையை ஊகிக்கின்றன. ஈரக்காற்றில் உப்புத்துகள் நீரை உறிஞ்சிப் பருப்பதால், உள்ளதைவிட அதிகமாகக் காட்டுகின்றன. அரசு நிலையங்களில் பயன்படும் பீட்டாக் கதிர்க் கருவிகள் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகே எடைபோடுகின்றன. எனவே சென்சரை அத்தகைய கருவியின் பக்கத்தில் சில வாரங்களாவது ஓடவிட்டு, ஈரப்பதத்துக்கேற்ற திருத்தச் சமன்பாடு ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஈரம் மிகுந்த மணிநேரங்களை நீக்கிவிடலாம் என்று சிலர் சொல்வது குளச்சலுக்கோ மணவாளக்குறிச்சிக்கோ ஒத்துவராது. அப்படி நீக்கினால் இரவுகள் பெரும்பாலும் போய்விடும், பகல் மட்டுமே மிஞ்சும். மாதிரியின் பக்கத்திலும் இதே கவனம் தேவை: காம்ஸ் தரும் கடலுப்பு அளவு 80 சதவீத ஈரப்பதத்தில் கணக்கிடப்பட்டது, அதைத் தனியாக எடுத்தால் 4.3 ஆல் வகுத்தால்தான் உலர் எடை கிடைக்கும். அதன் ஆயத்த பிஎம் 2.5 மதிப்பில் இந்த வகுத்தல் ஏற்கெனவே செய்யப்பட்டிருப்பதால், அங்கே மீண்டும் வகுக்கக் கூடாது. விலை மலிந்த சென்சரின் பிஎம் 10 (10 மைக்ரோமீட்டர் வரையான துகள்) அளவை ஒப்பீட்டிலிருந்து விட்டுவிடுவதே நல்லது, ஏனெனில் பெரிய துகள்களை அது சரியாகக் காண்பதில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகே புள்ளியியலுக்கு வர வேண்டும். ஒரு நாளில் குறைந்தது 16 மணிநேரத் தரவு இருந்தால் மட்டும் நாள் சராசரி எடுங்கள். தேசியக் காற்றுத் தரக் குறியீட்டுக்கும் இதே விதிதான். சராசரி வேறுபாடு, ஒட்டுறவுக் கெழு (இரு அளவுகளும் எந்த அளவுக்குச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்) இரண்டையும் சேர்த்தே பாருங்கள்: ஒட்டுறவு நன்றாக இருந்து வேறுபாடு மட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால், வானிலையை மாதிரி சரியாகப் பிடித்திருக்கிறது, செங்கல் சூளை, குப்பை எரிப்பு போன்ற உள்ளூர் உமிழ்வுகள் கணக்கில் குறைந்திருக்கின்றன என்று சந்தேகிக்க இடமுண்டு. ஒட்டுறவே இல்லையென்றால் காற்றுத் தரவுக்கும் நேரக்கணக்குக்கும் திரும்பிச் செல்லுங்கள். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம், வறண்ட மாதங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனி எண்களைத் தர வேண்டும். ஆண்டு முழுவதையும் ஒன்றாகக் கலந்தால் மழைக்காலத்தின் மிகையும் வறண்ட காலத்தின் குறையும் ஒன்றையொன்று மறைத்துவிடும். முடிவை வெளியிடும்போது கருவியின் இடம், தரையிலிருந்து உயரம், ஈரத் திருத்தம், பயன்படுத்திய கட்டப்புள்ளி ஆகிய நான்கையும் அட்டவணையின் மேலேயே எழுதிவிடுங்கள்.