நீல பம்ப் மட்டும் வாங்க வருகிறவர்களுக்கு

வீசிங் பம்ப் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "போன பம்ப் எப்ப வாங்கினீங்க?" கரூரில் மருந்துக்கடை நடத்துகிறேன். சால்பியூட்டமால் இருக்கிற நீல பம்ப் ஒன்றில் 200 பஃப், அதாவது 200 தடவை அமுக்குகிற மருந்து இருக்கும். வருடத்தில் மூன்று பம்ப் காலியானாலே ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. மாதம் ஒன்று காலியானால் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்டவரிடம் பில் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் பேசுவேன்.

மூச்சுக்குழாய் குறுகுவது மூன்று வழியில். குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது, உள்சுவர் வீங்குகிறது, கெட்டிச் சளி அடைக்கிறது. குழாயின் அகலம் பாதியானால் காற்றுக்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, கிட்டத்தட்ட 16 மடங்கு ஆகிறது. சாயங்காலம் லேசாக இருமியவர் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து தவிப்பது இதனால்தான். நீல பம்ப் தசையை மட்டும் தளர்த்தும். சில நிமிடங்களில் கேட்கும், நாலைந்து மணி நேரம் நிற்கும். வீக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை இறக்குவது புடெசொனைடு மாதிரியான ஸ்டீராய்டு பம்ப். வீசிங் இல்லாத நாளிலும் டாக்டர் சொன்னபடி இழுத்தால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

"ஸ்டீராய்டுங்களா? வேண்டாங்ணா" என்பார்கள். அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஸ்டீராய்டு பம்ப்பில் ஒரு பஃப் 200 மைக்ரோகிராம் என்று வையுங்கள். பம்ப்பைத் தள்ளிப்போட்டு, வீசிங் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரியவர்களுக்குக் கொடுக்கிற பிரெட்னிசோலோன் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம்கூட இருக்கும். ஒரு பஃப்பைப் போல 200 மடங்கு, அதுவும் உடம்பு முழுக்க. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீல பம்ப்பை மட்டும் கொடுத்து அனுப்புவதை 'ஜினா' என்கிற சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டி 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. புடெசொனைடும், தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே பம்ப்பை அவசரத்துக்கும் தினசரிக்கும் எழுதுகிற டாக்டர்கள் இப்போது உண்டு. உங்களுக்கு அது சரிவருமா என்று கேளுங்கள்.

மருந்து சரியாக இருந்தும் பலருக்குக் கேட்காததற்குக் காரணம், அது தொண்டையோடு நின்றுவிடுவது. பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டுகிற பிளாஸ்டிக் கூடான ஸ்பேசர் வாங்குங்கள்; சில நூறு ரூபாய்தான், பம்ப்பை விட முக்கியம் என்பேன். மூடியைக் கழற்றி, பம்ப்பை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் செருகுங்கள். மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஸ்பேசரை உதட்டால் இறுக்கிக் கவ்வி, ஒரே ஒரு தடவை அமுக்குங்கள். மெதுவாக, ஆழமாக இழுங்கள். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டைச் சுவரில் மோதி அங்கேயே தங்கும். பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடியுங்கள். பிடிக்க முடியாத குழந்தை ஐந்தாறு தடவை சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது பொறுத்து, மறுபடி குலுக்க வேண்டும். ஸ்டீராய்டு பம்ப் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைக்காமல் காய விடுங்கள். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கருவியில் போட்டுப் பொடியாக இழுக்கிற கேப்ஸ்யூலான ரோட்டாகேப்புக்கு முறை நேர்மாறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். அந்த கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு "கேக்கலீங்க" என்று வந்த பெரியவர்களும் உண்டு.

வீசிங்கைக் கிளப்புகிற தூசி, கொசுவர்த்தி, சளிக்காய்ச்சல், மார்கழிக் குளிர் எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாதது வேறு. எங்கள் ஊரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகள் நிறைய. "லீவு நாள்ல நல்லா இருக்கேன், வேலைக்குப் போனா இழுக்குது" என்று பெயிண்ட் அடிக்கிற தம்பி சொன்னால் பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்டில் இருக்கும் ஐசோசயனேட் என்கிற ரசாயனத்தைச் சந்தேகப்படுவேன். முகத்தில் கர்சீப் கட்டினால் அது நிற்காது. என்ன வேலை பார்க்கிறோம் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து மூச்சுக்குழாயை இறுக்கும். இதயத்துக்கும் பதற்றத்துக்கும் எழுதும் புரோபிரனலாலும் அப்படியே. ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகள் சிலருக்கு ஆகாது.

திடீரென்று இழுத்தால் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். நீல பம்ப்பில் நாலு பஃப், ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக. நாலு நிமிடம் பாருங்கள். குறையவில்லையென்றால் இன்னொரு நாலு. அப்போதும் கேட்கவில்லையென்றால் 108. ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் இந்தக் காத்திருப்பே கூடாது, உடனே கூப்பிடுங்கள். ஆள் சோர்ந்திருக்கும்போது வீசிங் சத்தம் நின்றுபோனால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காற்றே போகவில்லை என்றும் இருக்கலாம். வண்டி வரும்வரை பஃப் கொடுத்துக்கொண்டே இருங்கள். எத்தனை கொடுத்தோம் என்பதை எண்ணி வைத்து, பம்ப்புகளையும் மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.