ஃபிட்ஸ்ராய் கதையைத் தோண்டுவது எப்படி?

மெல்போர்ன் புறநகர் ஃபூட்டி (ஆஸ்திரேலிய பாணி கால்பந்து) கிளப் ஒன்றின் வரலாற்றைத் தேடுகிறீர்களா? கோப்பைகளை விடுங்கள். முதலில் மைதானங்களை வருஷவாரியாக எழுதுங்கள். ஃபிட்ஸ்ராயை நான் அப்படித்தான் பிடித்தேன். 1883-ல் பிறந்த கிளப். 1966 வரை பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட் ஓவல்தான் சொந்த வீடு. பிறகு பிரின்ஸஸ் பார்க், ஜங்ஷன் ஓவல், விக்டோரியா பார்க், மறுபடி பிரின்ஸஸ் பார்க், கடைசியாக வெஸ்டர்ன் ஓவல். முப்பது வருஷம் வாடகைக் குடித்தனம்! கடன் ஏன் கழுத்தை நெரித்தது என்று பாதி இங்கேயே புரிந்துவிடும்.

அடுத்து பழைய பேப்பர். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்துக்குக் காசு கிடையாது. ஃபிட்ஸ்ராய் என்பது அந்தப் புறநகரின் பெயரும்கூட; வெறுமனே அப்படித் தேடினால் திருட்டு வழக்கு, வீட்டு ஏலம் எல்லாம் வந்து கொட்டும். ‘ஆர்கஸ்’ பத்திரிகையை மட்டும் தேர்ந்தெடுத்து, சனிக்கிழமை ஆட்டத்துக்குத் திங்கட்கிழமை இதழைத் திறங்கள். எழுத்தைப் படித்தது இயந்திரம் என்பதால் ஆட்டக்காரர் பெயர்கள் கன்னாபின்னாவென்று இருக்கும். பக்கத்தின் படத்தையே நம்புங்கள்.

ஸ்கோர் 12.13 (85) என்று இருக்கும். 12 கோலுக்கு ஆறாறு புள்ளி, 13 பிஹைண்டுக்கு (கோல் கம்பத்துக்கும் பக்கக் கம்பத்துக்கும் நடுவே போன பந்து) ஒவ்வொரு புள்ளி. இந்தக் கணக்கு 1897-ல் விக்டோரியன் ஃபுட்பால் லீக் (வி.எஃப்.எல்.) தொடங்கியபோது வந்தது. அதற்கு முன் பிஹைண்டைக் குறிப்பார்கள், ஆனால் வெற்றிக்குக் கோல் மட்டும்தான்.

மேலே சொன்ன 85, 1916 இறுதியாட்டத்தில் கார்ல்டன் அணிக்கு எதிராக ஃபிட்ஸ்ராய் எடுத்தது. போர்க்காலம், ஆடியதே நான்கு அணிகள். 12 ஆட்டங்களில் இரண்டே வெற்றியுடன் ஃபிட்ஸ்ராய் கடைசி இடம். நான்கு அணிகளுக்கும் ஃபைனல்ஸ் என்ற இறுதிச் சுற்று உண்டு என்பதால் உள்ளே நுழைந்து பிரீமியர்ஷிப்பையே, அதாவது சாம்பியன் பட்டத்தையே, தட்டிக்கொண்டு போனது. வி.எஃப்.எல்.-ல் வென்ற எட்டில் எனக்குப் பிடித்தது இதுதான். புள்ளிப் பட்டியலோடு நிறுத்தியிருந்தால் கோட்டை விட்டிருப்பேன்.

1950-களின் நடுவில் ட்ரோவில் மெல்போர்ன் பத்திரிகைகள் பெரும்பாலும் நின்றுவிடும். அதன்பிறகு விக்டோரியா மாநில நூலகத்துக்குப் போய் ‘ஃபுட்பால் ரெக்கார்ட்’ கேளுங்கள். 1912 முதல் மைதான வாசலில் விற்ற ஆட்ட இதழ் அது.

1996-ல் நவ்ரு தீவின் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் பட்ட கடனில் சிக்கி, அதை வசூலிக்க நியமித்த நிர்வாகியின் கைக்குக் கிளப் போனது. அணி பிரிஸ்பேன் அணியோடு இணைந்தது. அத்துடன் நோட்டை மூடிவிடாதீர்கள். 2009 முதல் அமெச்சூர் லீக்கில், அதே பழைய ஓவலில், ஃபிட்ஸ்ராய் பெயரில் ஆடுகிறார்கள். 11-ம் எண் டிராம் போகும். 1888-ல் கட்டிய பார்வையாளர் மண்டபம் இன்னும் நிற்கிறது. இடைவேளையில் அங்கிருக்கும் பெரியவர்களிடம் ஜங்ஷன் ஓவல் நாட்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சொல்லும் வருஷத்தை மட்டும் ‘ரெக்கார்ட்’ இதழோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.